எம்.ஜி.பி. வாங்குமுன் கதவுக்கு அடியில் பாருங்கள்

பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது எனக்குக் கிடைத்த அறிவுரையெல்லாம் எஞ்சினையும் வயரிங்கையும் பற்றித்தான். ஆயில் ஒழுகும், மழையில் ஸ்டார்ட் ஆகாது, நடுரோட்டில் விளக்கு அணைந்துவிடும், இப்படி. கதவுக்கு அடியில் ஓடும் இரும்பைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. என் சேமிப்பில் பெரும்பகுதியும் ஒன்றரை வருட நிம்மதியும் அந்த இரும்பில்தான் போயின. எஞ்சின் இன்றுவரை ஒரு தொல்லையும் தந்ததில்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இந்த மாதிரி இரண்டு சீட்டுத் திறந்த கார் மேல் ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பணத்தைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எனக்கு இந்த ஆசையைக் கிளப்பியது அம்பாசிடர். கோவையில் அப்பாவிடம் ஒன்று இருந்தது. அவர் பானட்டுக்குள் குனியும்போது டார்ச் பிடிப்பது என் வேலை. அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் கார்தான் என்பது பலருக்கும் தெரியும். 1959 முதல் அதில் வந்த 1489 சிசி எஞ்சின், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரும் அதே குடும்பத்து 1489 சிசி எஞ்சினோடுதான் பிறந்தது. 1962-இல் எம்.ஜி.பி. வந்தபோது அதை 1798 சிசியாகப் பெருக்கினார்கள். அதனால் ஒரு எம்.ஜி.பி.யின் பானட்டை முதன்முதலில் திறந்து பார்த்தபோது எல்லாமே தெரிந்த முகமாக இருந்தது. கார்புரேட்டர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. ஆனால் கோவையில் கார் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் தெரியாது. நம்மூர் ரோட்டில் யாரும் உப்பு போடுவதில்லை. இங்கே குளிர்காலம் முழுக்க, ரோட்டில் பனி உறையாமலிருக்க லாரி லாரியாக உப்பைத் தூவுகிறார்கள். ஐம்பது குளிர்காலத்து உப்புத் தண்ணீர் பாடியின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். கோவையில் பழைய காருக்கு எஞ்சின் முதலில் போகும். இங்கே அடிவயிறு முதலில் போகும்.

எம்.ஜி.பி.க்கு அது ஏன் உயிர்நாடி என்று புரிய, அந்தக் காரின் பிறப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்.ஜி. என்பது மோரிஸ் காராஜஸ் என்பதன் முதலெழுத்துகள். வில்லியம் மோரிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த விற்பனைக் கடை அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், மோரிஸ் கார்களுக்கு வேறு பாடி கட்டி விற்கத் தொடங்கியதில் பிறந்தது இந்தப் பெயர். 1929-இல் ஆபிங்டன் ஊருக்குத் தொழிற்சாலையை மாற்றினார்கள். எம்.ஜி.ஏ. வரைக்கும் அங்கே செய்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கீழே தனியாக ஒரு கனத்த சேஸி இருந்தது. பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பாடி துருப்பிடித்தாலும் சேஸி தாங்கும். எம்.ஜி.பி.யில் சிட் எனவர் தலைமையிலான குழு அந்தச் சேஸியை எடுத்துவிட்டது. பாடியே சேஸி. இதனால் எம்.ஜி.ஏ.யைவிட நீளத்தில் குறைந்தும் உள்ளே இடம் கூடியும் ஒரு கார் கிடைத்தது. உண்மையிலேயே நல்ல வேலைதான். 1980 அக்டோபரில் ஆபிங்டன் மூடப்படும் வரை எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

ஆனால் கூரையில்லாத காரில் பாடியே சேஸி என்றால் என்ன பொருள்? மூடியில்லாத அட்டைப்பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்யும். தொய்யாமல் இந்தக் காரைப் பிடித்திருப்பவை, இரண்டு கதவுகளுக்கும் அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகள். இங்கே அதைச் சில் என்பார்கள். வெளியே தெரிவது வெளிச்சில். அதற்குள் நடுவே ஒரு செங்குத்துத் தகடு, அதற்கும் உள்ளே உட்சில், அடியில் கேஸில் ரெயில் என்ற இன்னொரு மடிப்பு, அதோடு ஒட்டிய தரைத்தகடு. இத்தனையும் சேர்ந்துதான் காரின் முதுகெலும்பு. முன் மட்காட்டுக்குள் சக்கரம் வாரியடிக்கும் சேறு, அங்கிருக்கும் ஒரு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் போய்த் தேங்கி, நேராகச் சில்லின் முன்முனையை ஈரமாகவே வைத்திருக்கும். தண்ணீர் வடியக் கம்பெனி விட்ட துளைகளை, அடியில் தார் பூசும் புண்ணியவான்கள் அடைத்துவிடுவார்கள். அப்புறம் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

இனி என் கதை. தேடியது 2021 வசந்தத்தில். எந்த வருடக் கார் என்பதில் விலை நிறைய மாறும். 1964 கடைசி வரை வந்தவற்றில் எஞ்சினின் கிராங்குக்கு மூன்று பேரிங், அதன்பின் ஐந்து. 1967-க்குப் பின் முதல் கியரிலும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974-இல் அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள், காரின் உயரத்தையும் ஏற்றினார்கள். சந்தையில் குரோம் பம்பர் கார் எப்போதும் விலை அதிகம். என்னைக் கேட்டால், ஆறாயிரம் பவுண்டுக்குத் தேறிய பாடியோடு ரப்பர் பம்பர் கார் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். இன்று அப்படித்தான் சொல்வேன். அன்று எனக்குக் குரோம்தான் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே தட்டில் அடித்திருக்கும் எண். ஜி.எச்.என்.5 என்று தொடங்கினால் ஜி என்பது எம்.ஜி., எச் என்பது எஞ்சின் அளவு வகுப்பு, என் என்பது இரண்டு சீட்டுத் திறந்த கார். பின்னால் எல் அல்லது (அமெரிக்காவுக்குப் போனதில்) யு இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்தது, அதாவது வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த கார். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கலிஃபோர்னியா மாதிரி வறண்ட இடத்தில் இருந்த கார் என்றால் தரைத்தகடு இங்கே ஓடிய காரைவிட நன்றாகவே இருக்கும். ஸ்டியரிங்கை மாற்றுவது சில்லை மாற்றுவதைவிட எவ்வளவோ சுலபம்.

நான் பார்த்தது 1971 மாடல், பச்சை நிறம், வார்விக்‌ஷயரில் ஒரு கிராமம். விற்றவர் வயதானவர், மரியாதையானவர், டீ போட்டுக் கொடுத்தார். கார் விளம்பரத்தில் 'சில் வேலை முடிந்தது' என்று போட்டிருந்தார். வண்டி பதிவுச் சான்றான வி5சி அவர் பெயரில் இருந்தது. கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் கார் அருங்காட்சியகம் தரும் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. கார் எந்த நாள் ஆபிங்டனில் முடிந்தது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண் என்று பழைய பதிவேட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். எல்லா எண்ணும் பொருந்தியது. ஓட்டிப் பார்த்தேன். சூடான பின்பு ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 60-க்குக் குறையவில்லை. எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் விழுந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். 'தரை மண்ணாக இருக்கிறது, ஜாக்கி நிற்காது' என்றார். நியாயமாகத்தான் பட்டது. 9,200 பவுண்டு கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எம்.ஓ.டி. என்ற வருடாந்தரப் பரிசோதனை. 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு அது கட்டாயமில்லை. சாலை வரியும் கிடையாது, லண்டனின் புகை மண்டலக் கட்டணமும் கிடையாது. கேட்க இனிப்பாக இருக்கும். வாங்குபவருக்கு அது விஷம். பல வருடமாக யாரும் அடியில் படுத்துப் பார்க்காத கார்கள் சந்தையில் நிற்கின்றன. பழைய பரிசோதனை முடிவுகள் அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இலவசமாகக் கிடைக்கும். கடைசி முடிவை மட்டும் பார்க்காதீர்கள், பின்னோக்கிப் போங்கள். ஒரு வருடம் 'சில் அரிப்பு' என்று தோற்று, ஒரே வாரத்தில் மறுபடி தேறியிருந்தால், அந்த ஒரு வாரத்தில் யாரும் முறையாகச் சில் மாற்றியிருக்க முடியாது. 'அடிப்பாகம் தார் பூச்சால் மூடப்பட்டிருக்கிறது' என்று பரிசோதகர் குறிப்பெழுதியிருந்தால், எனக்குத் தெரியவில்லை, ஆளை விடுங்கள் என்று அவர் சொல்கிறார். அந்தத் தளத்தில் என் காரின் பதிவில் இரண்டும் இருந்தன.

இரண்டாவது, யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது. கார் வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி, வாங்கும்போதே குறை இருந்தது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் மட்டும் வாதாடலாம். ஆகவே விளம்பரத்தை அன்றே படமெடுத்து வையுங்கள், பேசியதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில் யார் மாற்றியது, எப்போது, பில் எங்கே, பிரித்தபோது எடுத்த படம் எங்கே? படம் இல்லையென்றால் வேலையே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முதல் கோடை சந்தோஷமாகவே போனது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதற்காக இந்தப் பாடு என்று கேட்பீர்கள். சாயங்காலம் கூரையை மடித்துவிட்டு ஆபிங்டன் பக்கம் ஓட்டிப் போயிருக்கிறேன். கார் செய்த இடத்தில் இன்று தொழிற்சாலை இல்லை. 1979 செப்டம்பரில் ஆபிங்டனில் எம்.ஜி.யின் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய கையோடு, மூடப்போகிறோம் என்று அறிவித்த கம்பெனி அது. நிர்வாகம் என்றால் எங்கும் ஒரே மாதிரிதான். 1963-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இதே மாடல் மணலில் சிக்கி ஒன்றரை மணி நேரம் தோண்டி எடுக்கப்பட்டு, அப்படியும் பன்னிரண்டாவதாக வந்து தன் வகுப்பில் ஜெயித்தது. எஞ்சின் எப்படிப்பட்டது என்பதற்கு அது போதும். ஒரு ரவுண்டானாவில் என் கார் நின்றுபோனது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டிக் டிக் சத்தம் நின்றிருந்தது. கீழே குனிந்து ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினேன், மறுபடி டிக் டிக். அம்பாசிடர் காலத்து வைத்தியம். பம்ப்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பாயின்ட்டை மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 ஆனது. பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த அது பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும். காசு கூடினாலும் சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள், ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

குளிர்காலம் வருமுன் நானாகவே எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோனேன். கட்டாயமில்லை, மனத்திருப்திக்காக. பரிசோதகர் ஜாக்கியை ஏற்றினார். கார் ஏறவில்லை. ஜாக்கி மட்டும் காருக்குள் ஏறியது. கரகரவென்று ஒரு சத்தம், தரையில் செதில் செதிலாகத் துரு. டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனேன், மேல் மூலை உரசிக்கொண்டு பாதியில் நின்றது. அவர் என்னிடம் எதுவும் சொல்லாமல் டார்ச்சைக் கையில் கொடுத்தார். பழைய அழுகல் சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றை வைத்து, அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டிங் அடித்து, இடைவெளியைப் பட்டி போட்டு நிரப்பி, பெயின்ட் அடித்து, அடியில் தார் பூசியிருந்தார்கள். சில் வேலை முடிந்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது இதைத்தான். முடிவில் 'அபாயகரம்' என்று பதிவானது. அந்த நிலையில் ரோட்டில் ஓட்டுவது குற்றம், லாரி வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. முந்தின வாரம் அதே காரில் மனைவியை உட்காரவைத்து மோட்டார்வேயில் எழுபதில் போயிருந்தேன். பணம் போன வலி பிறகுதான் வந்தது. அன்று ராத்திரி எனக்கு வந்தது நடுக்கம்.

விற்றவருக்குப் போன் செய்தேன். தான் வாங்கியபோதே அப்படித்தான் சொன்னார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், இங்கிலாந்தில் பத்தாயிரம் பவுண்டு வரை அங்கே கேட்கலாம். விளம்பரம் அதற்குள் மறைந்திருந்தது. வேலை முடிந்தது என்று ஒரு வரி. நன்றாக முடிந்தது என்று எங்கும் இல்லை. அந்த வழியை விட்டுவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் பெரிய நஷ்டம். பக்கத்து ஊரில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். பழைய கார் வேலை செய்வோம் என்றார்கள், வாசலில் இரண்டு மூன்று நல்ல கார்கள் நின்றன. இரண்டு பக்கச் சில்லுக்கும் 3,500 பவுண்டு, வரி தனி. பாதி முன்பணம் கேட்டார்கள், கொடுத்தேன். பிரித்தபின் 'நினைத்ததைவிட மோசம்' என்று போன் வந்தது. அது எதிர்பார்த்ததே, எல்லா பழைய காரிலும் வரும். ஆனால் போய்ப் பார்த்தபோது காரை லிஃப்டில் தூக்கிவைத்து, கதவுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்திருந்தார்கள். கதவு இருந்த வெளியில் குறுக்கே ஒரு கம்பிகூட இல்லை. முதுகெலும்பை எடுத்துவிட்டால் கார் என்ன செய்யும்? நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வைத்து வெல்டிங் அடித்தும் விட்டார்கள். பிறகு கதவை மாட்டினால் மேலே இடைவெளியே இல்லை, கீழே விரல் நுழைகிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி, கதவின் ஓரத்தைக் கிரைண்டரால் தேய்ப்பது! பார்த்துக்கொண்டு நின்றேன். கோவையில் டிங்கரிங் பட்டறைகளில் இதைவிடக் கவனமாகச் செய்வார்கள் என்று வாய் வரை வந்தது. அப்புறம் வேலை நகரவில்லை. போன் எடுப்பதும் குறைந்தது. பட்டறையை மூடப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் டிரெய்லர் பிடித்துக் காரை எடுத்துவந்துவிட்டேன். அதுவரை கொடுத்தது 4,300 பவுண்டு, ஒரு பைசா திரும்பவில்லை. அட்டைப்பெட்டிகளில் கொடுத்த உதிரிகளில் ஒரு கதவுக் கைப்பிடியும் குரோம் பட்டையும் காணோம். எதையும் கழற்றுமுன் படமெடுத்து, பட்டியலிட்டு, முக்கியமானவற்றை வீட்டிலேயே வையுங்கள்.

அந்தக் குளிர்காலம் மோசமானது. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் மனைவி கோவைக்குப் போயிருந்தாள். வேலை முடிந்து வந்தால் காராஜில் நான்கு ஸ்டாண்டில் கதவில்லாத ஒரு பச்சைக் கூடு. அலுவலகத்தில் 'கார் எப்படி ஓடுகிறது' என்று கேட்பார்கள், நன்றாக ஓடுகிறது என்பேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை. பவுண்டை ரூபாயில் மாற்றிப் பார்த்து அவர் தூக்கம் கெடும். மனைவியிடம் ஒரு நாள் போனில் எல்லாவற்றையும் கொட்டியபோது 'ஏங்க, வித்துத் தொலைங்க' என்றாள். விற்கலாம், ஆனால் யார் வாங்குவார்? வெட்டிய பாடி, கோணல் கதவு. உதிரியாக விற்றால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏதோ ஆயிரத்துச் சொச்சம். புதுப் பாடியே வாங்கலாமா என்றும் பார்த்தேன். எம்.ஜி.பி.க்கு அந்த வசதி உண்டு, 1988 முதல் பழைய அச்சுகளையே வைத்துப் புதிதாகப் பாடி செய்து தருகிறார்கள். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும், எல்லாவற்றையும் பழைய காரிலிருந்து புதியதுக்கு மாற்றும் கூலி வேறு. அதற்கு என்னிடம் தெம்பில்லை.

கடைசியில் எம்.ஜி. காரர்களின் உள்ளூர்க் கூட்டம் ஒன்றுக்குப் போய், யாரிடம் கொடுத்தீர்கள், எவ்வளவு ஆனது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். இதை வாங்குமுன்னே செய்யலாம். உறுப்பினராகக் கார் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கூடவந்து பார்க்கவும் ஆள் கிடைக்கும். பான்பரி பக்கம் தனியாக வேலை செய்யும் ஒரு பெரியவரைச் சொன்னார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார், சரி என்றேன். அவர் காரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கதவுகள் எங்கே என்பது. மற்றவர்கள் வெல்டிங் முடிந்து கடைசியில் மாட்டும் கதவை அவர் முதலில் மாட்டினார். சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் சமமாக ஸ்டாண்டு வைத்து, கதவு வெளியில் திருகிச் சரிசெய்யக்கூடிய குறுக்குக் கம்பிகளைப் போட்டு, முந்தைய வெல்டிங்கை வெட்டிவிட்டு, நடுப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவு வந்தபின்தான் வெல்டிங் டார்ச்சைக் கையிலெடுத்தார். அதுவும் ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கம். கேஸில் ரெயில், உட்சில், நடுத்தகடு, தரை ஓரம், கடைசியில் வெளிச்சில். வெளிச்சில்லின் முன்முனை மட்காட்டுக்குப் பின்னால் போகிறது, ஆகவே மட்காட்டைக் கழற்றாமல் யாராவது சில் மாற்றித் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள். வெல்டிங் இடைவெளியில்லாமல் தொடராக ஓட வேண்டும். எல்லாம் முடிந்து பெட்டிகளுக்குள் மெழுகு பீச்சி, வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று கம்பி விட்டுக் காட்டினார். 8,600 பவுண்டு. பெயின்ட் வேறிடத்தில், 3,500. கூட்டிப் பாருங்கள்: காரின் விலையோடு சேர்த்து 25,600. நன்றாக இருக்கும் இதே மாதிரி ஒன்றை அன்றே பதினான்காயிரத்துக்குள் வாங்கியிருக்கலாம்.

பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கதவைத் திறக்குமுன் மூடிய நிலையில் இடைவெளியைப் பாருங்கள், மேலும் கீழும் ஒரே அகலமா என்று. பிறகு கதவுக்கு முன்னால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். உரசினால் கிளம்பிவிடுங்கள். ஜாக்கி போடக்கூடாது என்று விற்பவர் சொன்னாலும் கிளம்பிவிடுங்கள், டீ குடித்துவிட்டே கிளம்பலாம். முன் மட்காட்டின் கீழ்முனை சில்லோடு சேரும் இடத்தில் ஒரு இணைப்புக் கோடு தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே தகடாக இருந்தால் பட்டி. மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில் நெடுகவும் கதவுக்குப் பின்னுள்ள வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். உள்ளே கார்பெட்டைத் தூக்கித் தரை ஓரத்தை விரலால் அழுத்துங்கள். சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தால் பேட்டரி. 1974 வரை ஆறு வோல்ட்டில் இரண்டு. அந்தப் பெட்டிகளும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் பக்கத்துப் பக்கம், ஒன்று போனால் மற்றதும் போயிருக்கும்.

மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால்தான். கிளட்ச் மாற்ற எஞ்சினையே தூக்க வேண்டும், அதற்கொரு தொகையை ஒதுக்கி வையுங்கள். முன்சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்துவிடும். கம்பிச் சக்கரம் என்றால் பிரேக் பிடிக்கும்போது 'டக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், பற்கள் தேய்ந்தால் வரும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று பில்லில் பாருங்கள், இல்லாவிட்டால் பெட்ரோலில் ஈயத்துக்கு மாற்றான மருந்து ஊற்றி ஓட்டலாம். இதில் எதுவும் உங்களை ஓட்டாண்டி ஆக்காது.

இன்ஷூரன்ஸை மட்டும் சந்தை விலைக்கு விடாமல், கார் போனால் இவ்வளவு என்று கம்பெனி முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். பெரியவர் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துக் கொடுத்த வெல்டிங் படங்களையும் பில்லையும் அனுப்பினேன். முன்பு 9,000 என்று போட்டிருந்தவர்கள் மறுபேச்சின்றி 14,000 போட்டுக் கொடுத்தார்கள். பிரீமியம் வருடத்துக்கு முப்பது பவுண்டுதான் கூடியது.